இறக்கம் பார்த்து நிறுத்துகிறவர்

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற வேன் அவருடையது. கூட வந்த டீச்சர்கள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்பார்கள். பிள்ளைகள் ‘வேன் மாமா’ என்பார்கள். நான் மட்டும் ‘இந்தாங்க’ என்பேன், அல்லது ‘கேட்டீங்களா’ என்பேன். ஒருதரம் அண்ணன் என்று வாயில் வந்துவிட்டால் பிறகு அதைத் திருப்பி வாங்க முடியாதே என்று உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயம் எதற்கு என்று எனக்கே நெடுநாள் விளங்கவில்லை. விளங்கின பிறகும் கூப்பிட வேறு சொல் அகப்படவில்லை. ஆகவே இங்கேயும் அவர் பெயர் இல்லாமலே வரட்டும்.

அது பழைய டீசல் வேன். வெள்ளை நிறம் என்று அவர் சொல்லிக்கொள்வார். எங்கள் கண்ணுக்குத் தேத்தண்ணி நிறமாகத்தான் தெரிந்தது. அதில் ஸ்டார்ட்டர் மோட்டார் சரியில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றிவிட வேண்டிய சாமான் அது. இந்த வேனிலோ சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும், அத்தோடு சரி. சமதரை ஊரில் இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஒரு கிழமை கூடத் தள்ள முடியாது. எங்கள் பக்கத்தில் பள்ளத்துக்கா பஞ்சம்? வண்டியை இறக்கம் பார்த்து, மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து நிறுத்திவிடுவார். கிளம்பும்போது பிரேக்கை விட்டால் அதுவே உருளும். உருள்கிற வேகத்தில் கியரைப் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

இப்படியே ஓட்டி ஓட்டி மனுஷருக்கு உலகமே இறக்கமாகவும் சமதரையாகவும் பிரிந்துபோய்விட்டது. எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதைத்தான் சொல்வார்.

“தலவாக்கலையில எறக்கம் நல்லா இருக்கு டீச்சர். நானுஓயா ஸ்டேசன்ல பரவால்ல. நுவரெலியாதான் மோசமான ஊரு.”

“ஏன், அங்க என்ன?”

“குளம், ரேஸ் மைதானம், எல்லாம் சமதர. மனுசன் எங்கனதான் வண்டிய நிப்பாட்டுறது?”

நாடெல்லாம் பார்க்க வருகிற ஊரை அவர் அப்படித் தள்ளிவிட்டார். ஹட்டனில் மருந்து வாங்க வேண்டுமென்றால் கடைக்கு முன்னால் இடம் சும்மா கிடந்தாலும் நிறுத்த மாட்டார். ரோட்டைத் தாண்டி, மேட்டுக்கு ஏறி, அங்கே நிறுத்திவிட்டு நடந்து வருவார். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சாமி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பதற்கு முன் ரோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்பார்.

கை பிரேக்கையும் அவர் நம்பியதில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு கல் இருந்தது. ஆற்றில் எடுத்த கல், ஒரு பக்கம் தட்டையாக, டயருக்கு அண்டக் கொடுக்க வாகாக இருக்கும். முன் சீட்டில் உட்கார்கிறவள் நான் என்பதால் கல்லை எடுப்பது என் வேலையாகிப்போனது. அவர் உள்ளே ஏறித் தலையாட்டுவார். நான் கல்லை உருவுவேன். வேன் என்னை விட்டுவிட்டு உருளத் தொடங்கும். கீழே வளைவுக்கு முன்னால் எஞ்சின் பிடித்ததும் ஓரங்கட்டிக் காத்துக்கொண்டிருப்பார். நான் சேலையை ஒரு கையிலும் கல்லை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடுவேன். முப்பதைத் தாண்டிய டீச்சர் ஒருத்தி கல்லோடு ரோட்டில் ஓடுவதைப் பார்த்துக் கொழுந்து பறிக்கிற பெண்கள் மலையில் நின்று சிரிப்பார்கள். எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. கதவைத் திறந்து வைத்திருப்பார். “மெதுவா வாங்க டீச்சர், வண்டி எங்கயும் போவாது” என்பார். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

இறக்கம் கிடைக்காத நாளில் தள்ள வேண்டும். “எறங்கி ஒரு கை குடுங்க” என்று அவர் சொல்கிற விதத்தில் விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி ஒரு மரியாதை இருக்கும். எங்களில் மூத்தவரான பெரிய டீச்சருக்கு முழங்கால் வலி. ஆனாலும் இறங்குவார். “காலையிலேயே பீ.டீ. பாடம் ஆரம்பிச்சாச்சு” என்று முனகிக்கொண்டே இரண்டு விரலை மட்டும் வேனில் வைத்திருப்பார். வேன் பிடித்துக்கொண்டதும் தன்னால்தான் பிடித்தது என்று சொல்வதும் அவர்தான். பால் லொறிக்காரர்கள் வந்தால் லொறியை நிறுத்திவிட்டு “தல்லு கரமு, தல்லு கரமு” என்று குதித்து வருவார்கள். தள்ளுவதற்குச் சிங்களத்திலும் தல்லு என்பதுதான் சொல். ஆகவே அந்த ரோட்டில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இதில் ஒரு விசேஷம். அந்த வேனை ஒருமுறை தள்ளியவர் யாரும் பிறகு அவருக்கு வேற்றாள் இல்லை. தள்ளுகிறவனுக்கு வண்டியில் ஒரு பங்கு வந்துவிடுகிறது போல. அடுத்த நாள் வழியில் நின்று “எப்புடி, இன்னைக்கு புடிச்சிச்சா?” என்று விசாரிப்பார்கள். அவரும் சொந்தக்காரர்களுக்குச் சொல்வது போல நிறுத்திப் பதில் சொல்வார்.

மேல்கணக்கில் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் மரக்கறிப் பாத்தி ஒன்றுக்காக நெடுநாளாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். தம்பி மகளுக்குச் சடங்கு. அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. சீர்த் தட்டோடு வந்தவர்களை இறக்கிவிட்ட எங்கள் வேன், லயத்து வாசலில் சேற்றில் நின்றுவிட்டது. தம்பியும் இன்னும் நாலைந்து பேரும் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. அண்ணன் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்று பார்த்தார். எல்லாருக்கும் தெரியும் அவரைக் கூப்பிடக் கூடாதென்று. வேன்காரரான இவரோ ஜன்னலால் தலையை நீட்டினார்.

“அண்ணே, ஒரு தோளு கொறையுது. வாங்க.”

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நின்ற இடம் தம்பிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேன் சீறிக்கொண்டு போனபோது இரண்டு பேர் முகத்திலும் சேறு. தம்பி அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அண்ணன் முகத்தைக் கழுவப் போனது தம்பி வீட்டுப் பீலித் தண்ணிக்கு. அப்படியே உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார். அன்று திரும்பி வரும்போது நான் இவரிடம் கேட்டேன், வேணுமென்றே அங்கே நிறுத்தினீர்களா என்று. “ச்சே, இல்ல டீச்சர். எறக்கம் தப்பிப்போச்சு” என்றார். எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அவர் இப்போது கத்தாரில் லொறி ஓட்டுகிறாராம். டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் வேனை விற்றுவிட்டுப் போனார் என்று கேள்வி. அங்கே மலையே கிடையாது, கண்ணுக்கு எட்டின மட்டும் சமதரை என்கிறார்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறாரோ என்று முதலில் எனக்கு அதுதான் கவலையாக வந்தது. நான் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வேறு பள்ளிக்கூடம், வேறு வேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் எங்கேயாவது ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கிடந்தால் என் கால் நின்றுவிடும். ‘டக்டக்டக்’ என்று படபடத்தால் பேட்டரியில் குறை, ஒரே ஒரு ‘டக்’ என்றால் மோட்டாரில் குறை. காது அதைப் பிரித்துச் சொல்லிவிடும். ஒரே ஒரு ‘டக்’ கேட்கிற நாளில் எனக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் மனசு சரியிருப்பதில்லை.

அந்த வித்தியாசத்தை நான் படித்தது ஒரு மழை நாளில். பள்ளி விட்டு, டீச்சர்கள் எல்லாரும் வராந்தாவில் நனையாமல் நின்றார்கள். வாசல் இறக்கத்தில் உருட்டியும் வேன் பிடிக்கவில்லை, நனைந்த புல்லில் சறுக்கிக்கொண்டு போய் மைதானத்தில் நின்றது. மேல்கணக்கில் மைதானம் ஒன்றுதான் சமதரை. அவர் சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்தார். என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னார்.

“சாவிய திருப்புங்க டீச்சர்.”

‘டக்.’

“இப்ப முன் லைட்ட போட்டுட்டு திருப்புங்க. வெளிச்சம் மங்குதான்னு அங்க கேளுங்க.”

வராந்தாவிலிருந்து பெரிய டீச்சர் “இல்ல, அப்படியேதான் எரியுது” என்று கத்தினார்.

“அப்ப பேட்டரி மேல பழி போடக்கூடாது” என்றது அடியிலிருந்து குரல். பிறகு பேட்டரி முனைகளைக் கழற்றி, பள்ளிக் குசினியில் வாங்கின சுடுதண்ணியை ஊற்றித் தேய்த்து மாட்டினார். மறுபடியும் ‘டக்’. கடைசியில் டயர் கழற்றுகிற ஸ்பேனரால் மோட்டாரின் உடம்பில் தட்டினார், தூங்குகிறவரை எழுப்புவது மாதிரி மெதுவாக.

“இப்ப திருப்புங்க.”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. வராந்தாவில் கைதட்டினார்கள்.

“உள்ளுக்க கார்பன் கட்ட ரெண்டு இருக்கு, தேஞ்சு போச்சு” என்றார், ஜன்னல் அருகே வந்து கையைத் துடைத்தபடி. “தட்டுனா ஒட்டிக்கும். ஒரு தடவ சுத்தும். அப்புறம் மறந்துரும். போன வருசம் ஒருக்கா கார்பன மாத்துனேன். இப்ப உள்ளுக்க கம்பிச் சுத்தும் கருகியிருக்கு, வாசம் வருது. மோட்டாரையேதான் மாத்தணும்.”

“அப்ப மாத்தலாமே. ஏன் இப்படிக் கஷ்டப்படணும்?”

“மாத்தலாம்.” கொஞ்சம் யோசித்தார். “மாத்திட்டா நீங்கள்லாம் எறங்க மாட்டீங்களே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு, நெடுநாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். எல்லா டீச்சர்களையும் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவர், என்னை மட்டும் மேல் ரோட்டு வளைவில் இறக்கிவிடுவது ஏன் என்று. எங்கள் வீடு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே ஆற்றோரம். ரோடு எங்கள் முற்றத்தில் வந்து முடிந்துவிடும். அதற்குமேல் இறங்க இடமில்லை.

“உங்க வீடு பள்ளத்துக்குள்ள இருக்கு டீச்சர். அங்க வந்து நிப்பாட்டுனா மறுபடி எடுக்க முடியாது.”

“நிப்பாட்டாம திருப்பிட்டு வந்துரலாமே.”

அவர் என்னைப் பார்த்தார். “உங்க வீட்டுக்கு வந்தா நிப்பாட்டாம வர முடியாதுங்க.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வராந்தாவிலிருந்து மற்றவர்கள் குடையோடு ஓடி வந்து ஏறிவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க நான் மடியிலிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கிழமை இரண்டு நாள் வேன் வரவில்லை. ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை எனக்கு மேலதிக வகுப்பு. வகுப்பு முடிந்து வந்தால் மனுஷர் மைதானத்தில் சாக்கை விரித்துவிட்டார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் கீழ்ப் போல்ட் உடனே வந்தது. மேல் போல்ட் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. டீசலை ஊற்றிவிட்டு அதோடு பேசிக்கொண்டே இருந்தார், “வந்துரு, வந்துரு, எவ்வளவு நாளைக்குத்தான் புடிச்சிக்கிட்டு இருப்ப” என்று. கடைசியில் கிறீச்சென்று அது இளகியது. பழையதைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்திப் புல்லில் வைத்தார். புதியதை ஏற்றி, போல்ட்டை இறுக்கி, தடித்த வயரை மாட்டி, அடியில் படுத்தபடியே சொன்னார்.

“திருப்புங்க டீச்சர்.”

டக் இல்லை. ‘சர்ர்’ என்று ஒரே மூச்சில் சுழன்று எஞ்சின் பிடித்தது. நான் அணைத்தேன். மறுபடி திருப்பினேன். மறுபடியும் பிடித்தது. அவர் வெளியே வரவில்லை. செருப்புப் போட்ட கால் இரண்டும்தான் தெரிந்தன. அடியிலிருந்தே குரல் வந்தது.

“அடுத்த ஞாயித்துக்கெழம பள்ளத்துக்கு வரட்டுங்களா? வண்டிய நிப்பாட்டிட்டு அப்பாகிட்ட பேசணும்.”

“வாங்க” என்றேன்.  அவ்வளவு சந்தோஷம்.

இடையில் வந்த அந்த ஐந்து பள்ளி நாளும் நாங்கள் பட்ட பாடு தனி. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர்கள் பழக்கத்தில் வேனுக்குப் பின்னால் போய் வரிசையாக நின்றுவிட்டார்கள். அவர் சாவியைத் திருப்ப, வேன் முன்னால் போய்விட்டது. தள்ளக் குனிந்த பெரிய டீச்சர் விழப் பார்த்தார். “என்ன அண்ணே, சொல்லாம கொள்ளாம மாத்திட்டீங்க” என்று கோபித்துக்கொண்டார். புது மோட்டார் இருந்தும் அவர் இறக்கம் தேடித்தான் நிறுத்தினார். நானும் கல்லை வைத்தேன், எடுத்தேன். ஆனால் ஓட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் ஒரு குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அதை மறந்தேன்.

அப்பா ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. நான் ஒரே பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, முற்றத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மேல் வளைவில் வேன் சத்தம் கேட்டது. அத்தனை காலமும் அந்த வளைவோடு திரும்பிப் போன சத்தம், அன்றைக்கு இறங்கி இறங்கி எங்கள் முற்றம் வரைக்கும் வந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகு ஆற்றுச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, கையில் வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் பெட்டியும்.

“வாங்க தம்பி” என்றார் அப்பா. “நீங்கதானே டீச்சர்மாரக் கூட்டிட்டுப் போறவரு. என்ன, இந்தப் பக்கம் ஹயர் ஏதும் வந்தீங்களா?”

“இல்லைங்க ஐயா. டீச்சர எனக்குக் கேக்க வந்தேன்.”

சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷர். நான் தேத்தண்ணியோடு வாசற்படியில் நின்றேன். அப்பா வாங்கில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் காட்டினார்.

“நீங்க சாமி கும்புடுறவரு. நாங்க மாதா கோயில்.”

“தெரியுங்க ஐயா.”

“எனக்கு இருக்கிறது ஒரே புள்ள. படிச்சு டீச்சரா இருக்கா. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லி உங்கள இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்ல. வேணாம் தம்பி.”

“அப்பா, எனக்குச் சம்மதம்” என்றேன்.

“எனக்கு இல்லையேம்மா” என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அவர் நான் கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். “ஐயா மனசு நோகக் கூடாது டீச்சர்” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். எழுந்து அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனில் ஏறினார்.

மாதாவே, பிடிக்கக் கூடாது என்று நான் வேண்டினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் போதும். எங்கள் முற்றத்திலிருந்து ஒரு வேனை மேட்டுக்கு ஏற்றுவது சின்ன வேலையா? லயத்து ஆட்கள் வர வேண்டும், கயிறு வேண்டும், பத்துத் தோள் வேண்டும். மத்தியானம் ஆகிவிடும், அவர் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டிவரும். அப்போதும் ஒரு தோள் குறையும். அவர் ஜன்னலால் தலையை நீட்டி “ஐயா, ஒரு கை குடுங்க” என்பார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். அந்த வேனைத் தள்ளாத ஆள் எங்கள் பக்கத்தில் அப்பா ஒருத்தர்தான். தள்ளிய பிறகு யாரும் அவரை வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. வேன் சிரமமில்லாமல் மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி மறைந்தது.

அப்பா அது போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்.

“வண்டிய நல்லாத்தான் வச்சிருக்காரு. ஒரே சாவில புடிச்சிருச்சு பாத்தியா?”